அவருக்கு இன்னும் தெரியாது

செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் பள்ளத்தூர் வீட்டுக்கு டிவி வந்தது 1988-இல். சாலிடேர் கறுப்பு வெள்ளை. அதை எங்கே வைப்பது என்று இரண்டு நாள் பேச்சு ஓடியது. முகப்பில் வைத்தால் தெருவே வந்து உட்காரும், இரண்டாங்கட்டில் வைத்தால் ஆண்கள் வந்து பார்க்க மாட்டார்கள். கடைசியில் வளவு என்கிற நடுமுற்றத்தை ஒட்டிய பட்டாலையில், அதாவது மேடான கூடத்தில், பழைய பெட்டகத்தின் மேல் வைத்தார்கள். கொடைக்கானல் டவரிலிருந்து படம் வரும். காற்று பலமாக அடித்தால் ஆன்டெனாவைத் திருப்ப ஒருவர் மாடிக்கு ஏற வேண்டும்.

அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் டெல்லியிலிருந்து மாநில மொழிப் படம் போடுவார்கள். தமிழ் எப்போதாவதுதான் வரும். மற்ற வாரங்களில் வங்காளம், கன்னடம், அசாமியம் என்று மாறி மாறி வரும். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடும். சாப்பிட்ட கையோடு எல்லோரும் படுத்துவிடுவார்கள். அப்பத்தா மட்டும் தூணில் சாய்ந்துகொண்டு கடைசி வரை பார்ப்பார். அவருக்கு ஆங்கிலமும் தெரியாது, அந்த மொழிகளும் தெரியாது. எப்படிப் புரிகிறது என்று கேட்டால், "மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா ஆத்தா?" என்பார்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது ஒரு ஞாயிறு மதியம் 'பதேர் பாஞ்சாலி' வந்தது. 1955-இல் சத்யஜித் ராய் எடுத்த படம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு கிராமம், இடிந்த வீடு, அக்கா, தம்பி, கூன் விழுந்த ஒரு பாட்டி. அப்பா வேலை தேடி வெளியூர் போய்விடுகிறார், மாதக்கணக்கில் வரவில்லை. அக்கா துர்கா மழையில் நனைகிறாள், காய்ச்சல் வருகிறது, ஒரு புயல் இரவில் செத்துப்போகிறாள்.

அதற்கு நான் அழுதேன். அப்பத்தா அழவில்லை.

அப்புறம் அந்த அப்பா திரும்பி வருகிறார். வீடு இடிந்து கிடப்பதைப் பார்க்கிறார். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். மனைவி ஒன்றும் பேசாமல் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாள். இவர் உட்கார்ந்து, ஊரிலிருந்து வாங்கி வந்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். சப்பாத்திக் கட்டை. சட்டம் போட்ட லட்சுமி படம். அடுத்து ஒரு சேலையை எடுக்கிறார், துர்காவுக்கு.

அவர் பையை அவிழ்க்க ஆரம்பித்தபோதே அப்பத்தா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நான் பயந்துபோய் என்ன என்று கேட்டேன்.

"அந்த மனுசனுக்கு இன்னும் தெரியாது ஆத்தா" என்றார்.

திரையில் அந்தத் தாய் சேலையை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டு சரிகிறாள். வாய் திறக்கிறது, ஆனால் அழுகைச் சத்தம் வருவதில்லை. அதற்குப் பதில் ஒரு தந்தி வாத்தியம் உச்சத்தில் கதறுகிறது. அது தார்ஷெனாய் என்றும், இசை ரவிசங்கர் என்றும் பல வருடம் கழித்துப் படித்தேன். அன்றைக்கு எனக்கு அது வாத்தியமாகவே கேட்கவில்லை.

அப்பத்தா அன்று சாயங்காலம் விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் அவர் சொன்ன கதையால்தான் இதை எழுதுகிறேன்.

அப்பத்தா பிறந்தது கண்டனூரில், 1933-இல். அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். அவருடைய அப்பச்சி பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர், பெகுவில் லேவாதேவி. எங்கள் பக்கம் அந்தத் தலைமுறையில் அது சாதாரண வாழ்க்கை. மூன்று வருடம் அங்கே, கொஞ்ச நாள் இங்கே. அவர்கள் அனுப்பிய பணத்தில், அவர்கள் அனுப்பிய தேக்கில் இங்கே வீடு எழும்பும். பெண்களும் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க இன்று வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், தூணைத் தடவிப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடித் தரைக்கல்லைப் படம் எடுக்கிறார்கள். எனக்கு அந்த வீடுகளைப் பார்த்தால், இங்கே இல்லாத ஆண்களுக்காக எத்தனை பெண்கள் இந்த முகப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள் என்றுதான் தோன்றும்.

1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டான். மார்ச்சில் ரங்கூன் விழுந்துவிட்டது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் வந்தார்கள். கிடைக்காதவர்கள் மலையையும் காட்டையும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் அப்படி நடந்தார்கள், வழியில் காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் விழுந்தார்கள். அப்பத்தாவின் அப்பச்சியிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது ஜனவரியில். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

அந்த வருடம் மார்கழியில் வழக்கம்போல் பிள்ளையார் நோன்பு வந்தது. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கு, இருபத்தொரு இழை நூல் சேர்த்த திரி. அதை மாவில் வைத்து ஏற்றி, வீட்டில் பெரியவர் எடுத்துக் கொடுக்க, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வோம். எங்கள் சாதியில் எந்த ஊரில் இருந்தாலும் விடாத நோன்பு அது. கண்டனூர் வீட்டில் அன்று எல்லோரும் இழை எடுத்தார்கள். அப்பச்சிக்கும் ஒன்று பிடித்து, அவர் பெயரைச் சொல்லி மூத்த மகனிடம் கொடுத்தார்கள். அவருக்குப் பிடித்த கந்தரப்பம் சுட்டார்கள். அப்பத்தாவுக்கு ஒன்பது வயது, பட்டுப் பாவாடை.

மாசி மாதம் ஒருவர் வந்தார். கூடவே நடந்து வந்தவராம். வேறு ஊர்க்காரர், சொல்லிவிட வேண்டும் என்று தேடி வந்திருக்கிறார். அப்பச்சி போன சித்திரையிலேயே வழியில் காலராவில் போய்விட்டார். அங்கேயே தோண்டிப் புதைத்துவிட்டு மற்றவர்கள் நடந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லிவிட்டு அப்பத்தா வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நோம்பு அன்னைக்கு எங்காத்தா தலை நிறையப் பூ வச்சிருந்தாக" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சித்திரையிலிருந்து மாசி வரை பத்து மாதம். அந்தப் பத்து மாதமும் வீட்டில் சமைத்தார்கள், சண்டை போட்டார்கள், சிரித்தார்கள், பூ வைத்தார்கள். செய்தி வந்த நாளைவிட, செய்தி வராத அந்த நாட்கள்தான் அப்பத்தாவை ஐம்பது வருடம் உறுத்தியிருக்கின்றன.

அதிலிருந்து சோகப் படம் என்று யாராவது சொன்னால், அதில் சாவு எத்தனை என்று நான் பார்ப்பதில்லை. யாருக்கு என்ன தெரியாது என்று பார்க்கிறேன். என்னை உலுக்கிய படங்கள் எல்லாவற்றிலும் அந்த இடம் ஒன்று இருக்கிறது.

'பாசமலர்' எல்லோரும் சொல்லும் பெயர். 1961-இல் வந்தது, பீம்சிங் இயக்கம், சிவாஜியும் சாவித்திரியும். காரைக்குடிக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்த்ததை அப்பத்தா சொல்வார். கொட்டகை முழுக்க மூக்குச் சிந்தும் சத்தமாம். ஆனால், "அழுது முடிச்சு வெளிய வந்தோம், மனசு லேசாயிருச்சு" என்பார். கடைசிக் காட்சி அப்படிப்பட்டது, நம்மை முழுக்க அழவைத்து அனுப்பிவிடும். எனக்கு அந்தப் படத்தில் தாங்காத இடம் கடைசிக் காட்சி இல்லை, 'மலர்ந்தும் மலராத' பாட்டு. பிரிந்துபோன அண்ணனும் தங்கையும் வேறு வேறு வீட்டில் அவரவர் பிள்ளையைத் தூங்கவைத்தபடி ஒரே தாலாட்டைப் பாடுகிறார்கள். இவர் பாடுவது அவளுக்குத் தெரியாது, அவள் பாடுவது இவருக்குத் தெரியாது. எழுதியவர் கண்ணதாசன். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டிக்காரர். மாமன் சீர் கொண்டு வருவான் என்று தாலாட்டில் பாடிப் பாடியே பிள்ளை வளர்க்கும் ஊரில் பிறந்தவர். மாமன் வராத வீட்டில் அந்தத் தாலாட்டு எப்படி ஒலிக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவர் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டும் தாலாட்டுதான். 'மூன்றாம் பிறை'யில் வரும் 'கண்ணே கலைமானே'. 1981 அக்டோபர் 17-ஆம் தேதி சிகாகோவில் கண்ணதாசன் காலமானார். பாலு மகேந்திராவின் அந்தப் படம் 1982 பிப்ரவரியில்தான் வந்தது. குழந்தை மனசாகிப்போன ஒரு பெண்ணைத் தூங்கவைக்கும் பாட்டு. கடைசியில் அவளுக்குக் குணமாகி, நடந்தது எல்லாம் மறந்துபோய், ரயிலில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். வெளியே மழையில், சேற்றில் விழுந்து எழுந்து, தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்கு வித்தை காட்டுகிறான், அதுவரை அவளைப் பார்த்துக்கொண்டவன். அவள் பார்த்துச் சிரித்த வித்தைதான் அது. இப்போது யாரோ பைத்தியக்காரன் என்று பார்க்கிறாள். கமலின் நடிப்பை எல்லோரும் சொல்வார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஸ்ரீதேவியின் முகத்தைத்தான் பார்க்கிறேன். கொஞ்சம்கூட வருத்தம் இல்லாத, நல்ல பெண்ணின் முகம். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுக்குத் தெரியாது.

சீரியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002-க்குப் பிறகு 'மெட்டி ஒலி' ஓடிய காலத்தில் எங்கள் தெருவில் அந்த நேரத்துக்கு யார் வீட்டுக்குப் போனாலும் பேச ஆள் கிடைக்காது. அம்மா இல்லாத ஐந்து பெண்களை ஒரு அப்பா கரையேற்றும் கதை. நானும் விடுமுறைக்கு வரும்போது உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், நல்ல தொடர்தான். அப்பத்தாவும் ஒரு நாள் விடாமல் பார்ப்பார், ஆனால் கண் கலங்கமாட்டார். கேட்டால், "அதான் அவளே இம்புட்டு அழுகுறாளே, நானும் எதுக்கு?" என்பார். நான் யோசித்துப் பார்த்ததில் இது பெரிய உண்மை. திரையில் இருப்பவர் அழுது தீர்த்துவிட்டால் நமக்கு மிச்சம் எதுவும் இருக்காது. வங்காளத்து அந்தத் தாயின் அழுகைச் சத்தத்தை ராய் எடுத்துவிட்டதால்தான் பட்டாலையில் இருந்த நாங்கள் அழ வேண்டியதாயிற்று.

கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருந்தபோது 'மாஷ்' என்ற பழைய அமெரிக்கத் தொடரைப் பார்த்தேன். கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாம், பெரும்பாலும் நகைச்சுவை. அதில் 1975 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு பகுதியில், எல்லோருக்கும் பிடித்த முகாம் தலைவர் ஊருக்குக் கிளம்புகிறார். கட்டிப்பிடித்து வழியனுப்புகிறார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது, அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் ஒரு பையன் முகக்கவசம்கூடப் போடாமல் வந்து ஒரு தாளைப் படிக்கிறான். அவர் போன விமானத்தைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள், யாரும் பிழைக்கவில்லை. மருத்துவர்கள் கையில் இருக்கும் நோயாளியை விட முடியாது. கண்ணில் நீர் வழிய வேலையைத் தொடர்கிறார்கள். ஒரு கருவி தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்கிறது. நடிகர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கத்தைப் படப்பிடிப்பு வரை கொடுக்கவே இல்லையாம். அவர்களுக்கும் தெரியாது.

பர்மா நம் சினிமாவில் வராமல் இல்லை. 'பராசக்தி' ரங்கூனில்தான் தொடங்குகிறது, தங்கை கல்யாணத்துக்கு யுத்தத்தால் அண்ணன்மார் வர முடியாமல் போகிறது. அதைத் தயாரித்தவர்களில் ஒருவரான ஏவி.எம். மெய்யப்பன் காரைக்குடிக்காரர், கொஞ்ச காலம் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு நடத்தியவர். இருந்தும் அந்த நடைப்பயணத்தை, வீட்டில் காத்திருந்தவர்களை, முழுப் படமாக எடுத்து நான் பார்த்ததில்லை. யாராவது எடுக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

எங்கள் வீட்டிலேயே படப்பிடிப்பு நடந்திருக்கிறது. கல்யாணக் காட்சி, பஞ்சாயத்துக் காட்சி எல்லாம் எடுத்தார்கள். ஒரு முறை வந்த கம்பெனிக்காரர்கள் வளவில் சாவுக் காட்சி எடுக்க வேண்டும், கூடுதலாகப் பணம் தருகிறோம் என்றார்கள். அப்பத்தா ஒத்துக்கொள்ளவில்லை. "இந்த வளவுல நெசமாவே அழுதிருக்கோம் தம்பி, வேற வீடு பாருங்க" என்று சொல்லி, மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

'பூவே பூச்சூடவா' வந்தது 1985-இல். பாசில் தன் மலையாளப் படத்தைத் தமிழில் எடுத்தார், பாட்டியாகப் பத்மினி, பேத்தியாக நதியா. தனியாக இருக்கும் பாட்டி, எப்போதோ வரும் பேத்தி. கடைசியில், கழற்றிப் போட்ட அழைப்பு மணியைப் பாட்டி மறுபடி வாசலில் மாட்டிவிட்டுக் காத்திருப்பார். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தெருவிலும் அப்படி ஒரு வீடு இருக்கிறது. எண்பது சாவி கொண்ட கொத்து, திறந்திருப்பது இரண்டே அறை. கல்யாணத்துக்கும் கோயில் படைப்புக்கும் பங்காளிகள் வந்து நிறைந்தால் மூன்று நாள் வீட்டுக்கு உயிர் வரும், அப்புறம் பூட்டு. நான் சிங்கப்பூர் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அப்பத்தா முகப்புத் திண்ணையில் நின்று வழியனுப்புவார். கார் திரும்பும் வரை பின் கண்ணாடியில் பார்ப்பேன். வெள்ளைச் சேலை, நிலைக்கதவின் உயரத்துக்கு முன்னால் ரொம்பச் சின்ன உருவம்.

2006-இல் அப்பத்தா போனார். சாயங்காலம் ஐந்து மணிக்கு, தூணில் சாய்ந்தபடி. ஆட்கள் வந்து, மருத்துவர் வந்து, அண்ணன் எனக்குப் போன் செய்யும்போது மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. அந்த மூன்று மணி நேரத்தில் என்ன செய்தேன் என்று பிறகு ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இட்லிக்கு அரைத்தேன். ஐந்து வயது மகளுக்குத் தலை சீவிப் பின்னினேன். பக்கத்து வீட்டு ஆச்சியிடம் ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்டேன். டிவியில் ஏதோ நிகழ்ச்சி பார்த்துச் சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அடுத்த வருடம் 'டோக்கியோ ஸ்டோரி' பார்த்தேன், ஒசு 1953-இல் எடுத்தது. ஒனொமிச்சி என்ற ஊரிலிருந்து வயதான அப்பாவும் அம்மாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை, வேலை இருக்கிறது. பெற்றவர்களை அதாமி என்ற ஊரில் ஒரு விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள், அங்கே இரவெல்லாம் சத்தத்தில் இவர்களுக்குத் தூக்கம் வருவதில்லை. ஊருக்குத் திரும்பியதும் அம்மா இறந்துபோகிறாள். காரியம் முடிந்த சாப்பாட்டிலேயே மகள் அம்மாவின் உடுப்பு இன்னது எனக்கு வேண்டும் என்று கேட்கிறாள். போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் கூட இருக்கிறாள். அப்பத்தாவின் சாமான்களைப் பங்கு வைத்த அன்று நாங்களும் அப்படித்தான் பேசினோம். பாசம் இல்லாமல் இல்லை, ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அந்தப் படத்தை நான் இரண்டாவது முறை பார்க்கவில்லை.

மகளுக்கு இப்போது இருபத்து சொச்சம் வயது. அவளை அழவைத்த படம் 'மின்மினிகளின் கல்லறை'. 1988-இல் இசாவோ தகாஹதா எடுத்த ஜப்பான் அனிமேஷன் படம். போர்க் காலத்தில் அனாதையான பதினான்கு வயது அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியில் மெல்ல மெல்லச் சாகிறார்கள். தகரப் பெட்டியில் கொஞ்சம் மிட்டாய், அது தீர்ந்ததும் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக் குடிக்கிறார்கள், முடிவில் அந்தப் பெட்டியிலேயே தங்கையின் எலும்பு. கதையை எழுதிய நோசாகாவின் தங்கை உண்மையிலேயே போர்க் காலத்தில் ஊட்டமில்லாமல் இறந்தவள். மகள் அதைப் பார்த்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அவளும் அதைப் பற்றி ராத்திரி ஒரு மணி வரை பேசினோம். படத்தின் முதல் வரியிலேயே அண்ணன் தான் இறந்த நாளைச் சொல்லிவிடுகிறான். நமக்கு எல்லாம் தெரியும், அந்தக் குழந்தைக்குத் தெரியாது, அது மின்மினி பிடித்து விளையாடுகிறது.

அப்போதுதான் அவள் கேட்டாள், உனக்கு எதும்மா என்று. அப்பத்தாவோடு பார்த்த கதையைச் சொன்னேன். பதேர் பாஞ்சாலியின் மூல நெகட்டிவ் 1993-இல் லண்டனில் ஒரு தீவிபத்தில் கருகிப்போனது, அதைப் பிரேம் பிரேமாகச் சீராக்கி 2015-இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பிரதியைத்தான் போன பொங்கலுக்குப் பள்ளத்தூர் வீட்டில், அதே பட்டாலையில், லேப்டாப்பில் போட்டோம். டிவியில் புள்ளி புள்ளியாகப் பார்த்த படம் இப்போது அல்லிக்குளத்துப் பூச்சி வரை தெளிவாகத் தெரிந்தது.

துர்கா இறந்தபோது மகள் அழுதாள். அப்பா வந்தார், பிள்ளைகளைக் கூப்பிட்டார், உட்கார்ந்தார். சப்பாத்திக் கட்டையை எடுத்துக் காட்டினார். லட்சுமி படத்தைக் காட்டினார். மறுபடி கையை உள்ளே விட்டார். மகள் சட்டென்று குனிந்து படத்தை நிறுத்தினாள்.

திரையில் அந்த மனிதர் பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றார்.

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்மா" என்றாள்.

சரி என்றேன். எழுந்து போய் வளவு விளக்கைப் போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.